மலை மாவட்ட வழக்கறிஞர்கள் தமிழில் எழுத வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வழக்கறிஞர்கள் பொதுமக்களுக்காகச் சட்டம் பற்றி எழுதுவது தொழில் நெறிக்கு முரணானது என்ற எண்ணம் எங்கள் துறையில் இன்னும் வலுவாக இருக்கிறது. எழுதும் ஆற்றல் உள்ள இளைய வழக்கறிஞர்கள்கூட, வழக்கறிஞர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பான பார் கவுன்சிலின் நடவடிக்கைக்கு அஞ்சித் தயங்குகின்றனர். இந்த அச்சத்துக்கு விதிகளில் ஆதாரமில்லை.

இந்திய பார் கவுன்சிலின் 36ஆவது விதி, வழக்கறிஞர் நேரடியாகவோ மறைமுகமாகவோ விளம்பரம் செய்து வழக்குப் பிடிப்பதையும், தாம் ஆஜராகும் வழக்கைப் பற்றிப் பத்திரிகைகளில் கருத்து வரச் செய்வதையும் தடுக்கிறது. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், வழக்கறிஞர் சேவையை இணையத்தில் விலைபேசும் நிறுவனங்கள் மீது நடவடிக்கை எடுக்கச் சொன்னதும் இதே அடிப்படையில்தான். வெளிவந்துவிட்ட ஒரு தீர்ப்பை, கட்டணமோ கைபேசி எண்ணோ குறிப்பிடாமல், மக்களுக்குப் புரியும்படி விளக்குவதற்கு இவற்றில் எந்தத் தடையும் இல்லை.

நீலகிரியில் இதற்கான தேவை மிகுதி. நாடு முழுவதையும் கட்டுப்படுத்திய கோதவர்மன் திருமுல்பாட் வழக்கு, 1995இல் எங்கள் கூடலூரின் ஜென்ம நிலக் (பழைய பரம்பரை நிலவுடைமையின்கீழ் இருந்த நிலம்) காடுகளை முன்வைத்துத் தொடங்கியது. நிலம் யாருக்குச் சொந்தமாக இருந்தாலும், அது காடாக இருந்தால் 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும் என்று 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதைத் தமிழில் எளிமையாக விளக்கும் கட்டுரை ஒன்றை நான் இதுவரை பார்த்ததில்லை. 1969ஆம் ஆண்டு ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின், குத்தகைத் தோட்ட நிலங்கள் பற்றிய 17ஆவது பிரிவில் சிக்கிய நிலத்தில் பிழைப்பவர்களும், சீகூர் யானை வழித்தடம் பற்றிய உச்ச நீதிமன்றத்தின் 2020 அக்டோபர் தீர்ப்பால் கலங்கிப்போன மசினகுடிப் பகுதி மக்களும், தங்கள் வாழ்வை நிர்ணயிக்கும் ஆங்கிலத் தீர்ப்புகளை டீக்கடைப் பேச்சிலும் வாட்ஸ்அப் வதந்தியிலும்தான் தெரிந்துகொள்கிறார்கள். உச்ச நீதிமன்றம் சில தீர்ப்புகளைத் தமிழாக்கி வெளியிடுவது நல்ல தொடக்கம். ஆனால் தீர்ப்பின் தமிழாக்கம், அடுத்து எந்த அலுவலகத்துக்கு எந்தத் தாளோடு போக வேண்டும் என்பதைச் சொல்லாது.

அண்மையில் பணியர் பழங்குடிக் குடியிருப்பைச் சேர்ந்த பெரியவர் ஒருவர், வன உரிமைச் சட்டத்தின்கீழ் தாம் அளித்த மனு நிராகரிக்கப்பட்ட கடிதத்தை ரேஷன் அட்டையோடு சேர்த்து பிளாஸ்டிக் உறையில் பத்திரப்படுத்திக் கொண்டுவந்தார். கோட்ட அளவிலான குழுவின் முடிவை எதிர்த்து 60 நாட்களுக்குள் மாவட்ட அளவிலான குழுவிடம் முறையிட வேண்டும். அந்தக் கெடு முடிந்து பல மாதங்கள் ஆகியிருந்தன. பழங்குடியினருக்கு வருமானம் எதுவானாலும் இலவச சட்ட உதவி உண்டு என்பதையும் யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அவருடைய பேத்தி பத்தாம் வகுப்பு படிக்கிறாள். இவ்விரு செய்திகளையும் சொல்லும் ஒரு பக்கத் தமிழ்க் கட்டுரை அவள் கையில் கிடைத்திருந்தால் போதும்.

எழுதுகிறவர்களுக்குக் கட்டுப்பாடும் வேண்டும். கட்சிக்காரர் நம்பிச் சொன்னது எழுத்தில் வரக் கூடாது; நிலுவையில் உள்ள வழக்கின் முடிவை ஊகிக்கக் கூடாது; தீர்ப்பு எனில் நீதிமன்றம், தேதி, வழக்கு எண் மூன்றையும் தர வேண்டும். ஊட்டி, குன்னூர், கூடலூர் வழக்கறிஞர் சங்கங்கள் மூத்தவர் ஒருவரை முன்கூட்டிப் படித்துத் திருத்தித் தரச் சொன்னால் இளையவர்களின் தயக்கம் விலகும். தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் வாரம் ஒரு பத்தி ஒதுக்கினால், எங்களில் சிலர் ஊதியம் எதிர்பாராமல் எழுதித் தர முன்வருவோம்.

இப்படிக்கு,
ஒரு வழக்கறிஞர்,
கூடலூர், நீலகிரி மாவட்டம்.