கமோடுக்கு மரமேடை: ஈரத் தரையையும் கணக்கில் கொள்ள வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் நலவாழ்வு இணைப்பில் மலச்சிக்கல் பற்றி அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். மேற்கத்திய கழிப்பறை மட்டுமே உள்ள வீடுகளில் வசிப்பவர்கள் கமோடின் முன்னால் ஒரு முக்காலியைப் போட்டுக் கால்களை உயர்த்தி வைத்துக்கொள்ளலாம், அல்லது கமோடைச் சுற்றி மரமேடை அமைத்து அதன்மேல் குத்துக்காலிட்டு அமரலாம் என்று கட்டுரையாளர் எழுதியிருக்கிறார். இரண்டும் ஏறத்தாழ ஒன்றே என்பதுபோல் ஒரே வரியில் அவர் சொல்லிச் சென்றதுதான் இக்கடிதத்தை எழுதத் தூண்டியது. கட்டடப் பொறியாளராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற நான், உறவினர் வீடுகள் சிலவற்றுக்கு இத்தகைய மேடையை ஆசாரியிடம் அளவு சொல்லிச் செய்து கொடுத்திருக்கிறேன். முக்காலியைக் கடையில் வாங்கிப் போட்டுவிடலாம். மேடையோ, ஒருவருடைய முழு எடையையும் ஈரத் தரைக்கு மேல் ஏறத்தாழ ஒன்றேகால் அடி உயரத்தில், ஆடாமல் வழுக்காமல் தாங்க வேண்டும்.

குந்தி அமர்வதால் நன்மை உண்டா என்ற கேள்விக்குக் கட்டுரை சொன்ன பதிலில் எனக்குப் பெரிய மாறுபாடு இல்லை. மலக்குடலின் கீழ்ப்பகுதியைக் கவண்வார் போலச் சுற்றி முன்னோக்கி இழுத்துப் பிடித்திருக்கும் தசை, நாற்காலியில் அமர்வதுபோல் அமரும்போது ஓரளவே தளர்கிறது. தொடை வயிற்றை நெருங்கும்படி குந்தும்போது அந்த வளைவு நிமிர்ந்து வழி நேராகிறது. ஜப்பானிய மருத்துவர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வில், உட்கார்ந்த நிலையில் சுமார் 100 பாகையாக இருந்த கோணம் குந்திய நிலையில் 126 பாகையாக விரிந்தது. இஸ்ரேல் மருத்துவர் டோவ் சிகிரோவ் 2003இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான உயரமுள்ள இருக்கையில் சராசரியாக 130 நொடியும், பத்து சென்டிமீட்டர் தாழ்ந்த இருக்கையில் 114 நொடியும் ஆன வேலை, குந்தியபோது 51 நொடியில் முடிந்தது. ஆனால் முதல் ஆய்வில் கலந்துகொண்டவர்கள் ஆறே பேர். இரண்டாவதில் 28 பேர். எல்லோரும் நோயற்றவர்கள். ஆகவே மூலம் குணமாகும், குடல் நோய் அண்டாது என்றெல்லாம் மேடை விற்பவர்கள் விளம்பரத்தில் அடுக்குவதற்கு இந்த எண்கள் சான்றாகா. எளிதாகவும் விரைவாகவும் முடிகிறது, முக்க வேண்டியது குறைகிறது என்ற அளவில் நிறுத்திக்கொள்வதே நேர்மை.

அந்த அளவு பயன் முக்காலியிலேயே பலருக்குக் கிடைத்துவிடுகிறது என்பதையும் கட்டுரை சொல்லியிருக்கலாம். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் 52 பேரிடம் கால்முக்காலியைக் கொடுத்துப் பார்த்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், 71 விழுக்காட்டினர் விரைவாக முடிந்ததாகவும் 90 விழுக்காட்டினர் முக்குவது குறைந்ததாகவும் தெரிவித்தனர். கமோடில் அமர்ந்தே பழகியவர்கள், குறிப்பாக இளைய தலைமுறையினர், ஏழு அல்லது ஒன்பது அங்குல முக்காலியில் பாதத்தை வைத்துச் சற்றே முன்னால் குனிந்து அமர்ந்தாலே போதும். அவர்கள் மரமேடைக்குச் செலவழிக்கத் தேவையில்லை.

மேடை தேவைப்படுவோர் வேறு வகையினர். ஊரில் அறுபது, எழுபது ஆண்டுகள் குந்தியே பழகிவிட்டு, மகன் வீட்டுக்கோ மகள் வீட்டுக்கோ அடுக்குமாடிக் குடியிருப்பில் வந்து தங்கும் பெரியவர்கள் அவர்கள். கமோடில் உட்கார்ந்தால் அவர்களுக்குப் போகவே மாட்டேன் என்கிறது. சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு சிலர் கமோடின் பீங்கான் விளிம்பிலேயே ஏறிக் குந்துகிறார்கள். இதைவிட ஆபத்தானது வேறில்லை. கோப்பையின் விளிம்பு, இருக்கையில் பரவலாக அமரும் எடைக்காக வார்க்கப்பட்டது; இரு பாதங்களின் அடியில் குவியும் எடைக்காக அன்று. முன்பே மயிரிழை விரிசல் இருந்தால் பீங்கான் எச்சரிக்கை இல்லாமல் உடையும், உடைந்த முனை கத்தியாக அறுக்கும்.

‘கமோடைப் பெயர்த்துவிட்டு இந்தியன் டாய்லெட் போட்டுவிட வேண்டியதுதானே’ என்று கேட்பவர்கள் உண்டு. தனி வீட்டின் தரைத்தளத்தில் அது எளிது. மாடியில் அப்படியன்று. குந்தும் கோப்பையும் அதன் வளைகுழாயும் தரைக்குள் இறங்கி உட்கார, கான்கிரீட் தளத்தையே ஓர் அடிக்குக் குறையாமல் தாழ்த்தி வார்த்திருக்க வேண்டும். கட்டும்போதே இப்படித் தாழ்த்திய தளம் (சங்கன் ஸ்லாப்) போடாத கழிப்பறையில் பின்னால் இதைச் செய்யப் புகுந்தால், கீழ்வீட்டுக் கூரையில் நீர்க்கசிவும் அதைத் தொடர்ந்து குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் வாக்குவாதமும் உறுதி. வாடகை வீட்டில் பேச்சுக்கே இடமில்லை. இத்தகைய இடங்களில்தான் எடுத்து வைக்கக்கூடிய மரமேடை உண்மையிலேயே பயன்படுகிறது; மூட்டுவலிக்காரப் பாட்டி உட்கார்ந்து போகவும், குந்தியே பழகிய தாத்தா குந்திப் போகவும் ஒரே கமோடு போதுமானதாகிறது.

ஆனால் இணையத்தில் காணும் மேலைநாட்டு மேடைகளின் படத்தை ஆசாரியிடம் காட்டி அப்படியே செய்யச் சொல்வதில் ஒரு பெரிய இடர் இருக்கிறது. அந்நாடுகளில் காகிதம் பயன்படுத்துகிறார்கள்; கழிப்பறைத் தரை காய்ந்தே கிடக்கும். நம் வீட்டில் கழுவிக்கொள்ளும் கைக்குழாயும் (ஹெல்த் ஃபாசெட்) வாளியும் குவளையும் உண்டு. பெரும்பாலும் அதே அறையில்தான் குளியலும். அங்கே பளபளப்பான மைக்கா ஒட்டிய மேடை, சோப்புத் தண்ணீர் பட்டவுடன் வழுக்குப் பாறையாகிவிடும். சாதாரண பிளைவுட், ஒரு மழைக்காலம் முடிவதற்குள் ஓரத்தில் உப்பி, ஏடு ஏடாகப் பிரியத் தொடங்கும்.

ஆகவே மேல்தளத்தை ஒரே பலகையாக அடைக்காமல், தேக்குச் சட்டங்களை ஐந்தாறு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு வரிசையாகப் பொருத்த வேண்டும். தண்ணீர் தேங்காமல் கீழே இறங்கிவிடும். தேக்குக்குக் கட்டுப்படியாகாதவர்கள் ஈரம் தாங்கும் மரைன் பிளைவுட் போடலாம், ஆனால் அறுத்த விளிம்பு ஒவ்வொன்றையும் பூச்சால் முழுக்க அடைக்க வேண்டும். ஆணி கூடாது, துருப்பிடிக்காத எஃகுத் திருகுதான். கால்களின் அடிமுனை தண்ணீரை உறிஞ்சும் இடம். அதற்கு ரப்பர் குமிழ் மாட்டாவிட்டால் மேலே என்ன பூச்சு பூசியும் பயனில்லை. மற்றொன்று, பலரும் கவனிக்காதது: கழிப்பறைத் தரை சமமாக இராது, தண்ணீர் ஓடுவதற்காகச் சல்லடை மூடியை நோக்கிச் சரித்துத்தான் ஓடு பதித்திருப்பார்கள். பட்டறையில் நான்கு காலும் ஒரே அளவாக அறுத்த மேடை அந்தத் தரையில் நிச்சயம் ஆடும். மேடையை அதன் இடத்தில் வைத்து, நீர்மட்டம் பார்த்து, ஒவ்வொரு காலையும் அந்தந்த இடத்துக்கு ஏற்பத் தனித்தனியாகச் சீவ வேண்டும். பட்டறையிலிருந்து வீடுவரை வருவதற்கு ஆசாரி சற்று முனகுவார், ஆனால் வராமல் தீராது.

மேடையின் மேல்பரப்பு, இருக்கை வளையத்தைத் தூக்கிவிட்ட கோப்பையின் விளிம்பைவிட ஒரு விரற்கடை உயர்ந்து, விளிம்புக்கு மேல் சற்றே நீண்டு நிற்க வேண்டும். ஆனால் எங்கும் பீங்கானைத் தொடக்கூடாது. தொட்டால் எடை மறுபடியும் கோப்பைக்கே போகும். இரு பக்கமும் பாதம் வைக்கப் பத்து அங்குல அகலமாவது வேண்டும். முன்பக்கம் ஓர் அடி நின்று திரும்ப இடமும், அதற்கும் முன்னால் பாதி உயரத்தில் ஒரு படியும் இருக்க வேண்டும். கதவு உள்நோக்கித் திறக்கும் கழிப்பறையில் இதற்கெல்லாம் இடமிருக்கிறதா என்று முதலில் அளந்துகொள்வது நல்லது.

சுவரில் கைப்பிடி இல்லாமல் மேடை போடவே கூடாது என்பேன். நம் ரயில் பெட்டிகளின் இந்தியன் கழிப்பறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்திருப்பது பெட்டி ஆடுவதற்காக மட்டும் என்று நினைக்க வேண்டாம்; குந்திய நிலையிலிருந்து எழும்போது இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கித் தலை சுற்றுவது முதியவர்களிடம் பரவலாகக் காணப்படுவது. அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுவோருக்கு அது மேலும் அதிகம். தரையில் தள்ளாடினால் சுவரில் சாய்ந்துகொள்ளலாம், ஒன்றேகால் அடி உயரத்தில் தள்ளாடினால் இடுப்பெலும்பு போய்விடும். முழங்கால் மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களும் கடுமையான மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களும் மருத்துவர் ஒப்புதல் இன்றி இதன்மேல் ஏறக்கூடாது. அவர்களுக்குக் கமோடே பாதுகாப்பு.

பயன்படுத்தும் விதத்தில் ஒரு சிறு செய்தி. தொட்டிக்கு முதுகு காட்டி, கூடிய மட்டும் பின்தள்ளிக் குந்த வேண்டும். முன்னால் குந்தினால், குறிப்பாக ஆண்களுக்கு, சிறுநீர் விளிம்பைத் தாண்டி மேடைக்கடியில் போய்த் தேங்கும். வாரத்துக்கு ஒருமுறையாவது மேடையை வெளியே எடுத்து, கழுவி, வெயிலில் காயவைக்க முடியவில்லை என்றால் துர்நாற்றத்தைத் தடுக்க வழியில்லை. செங்கல்லும் டைல்ஸும் வைத்து நிலையாகக் கட்டிவிடுவோரும் உண்டு. கமோடின் அடியில் கசிவு ஏற்பட்டால் இடித்துத்தான் பார்க்க வேண்டியிருக்கும் என்பதாலேயே நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

இரு பக்கமும் பாதம் வைக்க இடத்தோடு பீங்கானிலேயே வார்த்த ‘ஆங்கிலோ இந்தியன்’ கோப்பை நம் கடைகளில் கிடைக்கத்தான் செய்கிறது. கமோடை எப்படியும் மாற்றப் போகிறவர்கள் அதைப் பார்க்கலாம். பழைய குழாய் இணைப்புக்கு அது பொருந்துமா என்று பிளம்பரிடம் முன்னதாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் அதற்கும் படியும் கைப்பிடியும் தனியாக அமைத்தாக வேண்டும். ஈரம் பட்டால் அந்தப் பீங்கான் மிதியடியும் வழுக்கும்.

தங்கள் இணைப்பிதழில் இந்தப் பொருளை மீண்டும் எடுத்துக்கொள்ளும்போது, எலும்பு மூட்டு மருத்துவர் ஒருவரிடம் யார் யார் குந்தலாகாது என்று கேட்டு வெளியிடுமாறு வேண்டுகிறேன். கமோடின் விளிம்பில் ஏறிக் குந்தக்கூடாது என்ற எச்சரிக்கையையும் அதே பக்கத்தில் கட்டம் கட்டிப் போட்டால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர் ஒருவர்,
திருச்சிராப்பள்ளி.