பின்பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பு

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் நலம். முகூர்த்த மாசம் என்பதால் பட்டறையில் கொலுசு வேலை நெருக்குகிறது. ஆர்மீனியத் தலைநகர் யெரெவானின் வெர்னிசாஜ் சந்தையிலிருந்து நீ அனுப்பிய போட்டோக்களை நேற்று ராத்திரிதான் உட்கார்ந்து பார்த்தேன். "அப்பா, எதை வாங்கிட்டு வரட்டும்?" என்று கேட்டிருந்தாயே, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

முதலில் அந்த மாதுளம்பழத் தோடு. கம்பி வேலை மாதிரி தெரிகிறது, ஆனால் எல்லா ஜோடியும் அச்சு அசல் ஒரே மாதிரி இருக்கிறதே, அதுதான் சந்தேகம். நிஜமான கம்பி வேலையில் மயிரிழை போன்ற இரண்டு கம்பிகளை முறுக்கி, தட்டையாக்கி, சுருட்டி, வெங்காரமும் பற்றுப் பொடியும் வைத்து, தீயை ஊதி ஒட்டுவார்கள். ஒரு சுருளைப் போல இன்னொன்று வரவே வராது. திருப்பிப் பார். வார்ப்பு என்றால் கம்பியின் முனை மழுங்கி, பக்கத்துக் கம்பியோடு குழைந்து கிடக்கும். 925 முத்திரையை மட்டும் நம்பாதே. அது தொண்ணூற்றிரண்டரை டச், அதாவது நூற்றில் அத்தனை பங்கு வெள்ளி என்று சொல்லும், கை வேலையா என்று சொல்லாது. சோவியத் காலத்துப் பழைய சாமானில் 875 என்றிருந்தால் ஏமாற்று என்று நினைக்காதே, அதுவும் அங்கே புழங்கிய தரம்தான்.

அருங்காட்சியகத்தில் நீ எடுத்த வெள்ளி இடுப்புப் பட்டையைத்தான் பத்து தடவை பெரிசாக்கிப் பார்த்தேன். நம் ஒட்டியாணத்துக்கு அக்கா மாதிரி இருக்கிறது. வான் என்கிற ஏரிக்கரை ஊர் வேலை என்று எழுதியிருந்தாய். உளியால் கோடு வெட்டி, வெள்ளி, செம்பு, காரீயம், கந்தகம் நான்கையும் சேர்த்து உருக்கிய கறுப்பைப் பொடித்து அந்தப் பள்ளத்தில் நிரப்பி, சூடு காட்டி, ஆறியதும் தேய்த்தால் கோட்டில் மட்டும் கறுப்பு நிற்கும். சூடு கொஞ்சம் கூடினால் ஈயம் வெள்ளியையே தின்றுவிடும். எத்தனை பட்டையைக் கெடுத்து அந்தக் கை பழகியிருக்கும்! 1915-இல் ஆட்டோமான் அரசு ஆர்மீனியர்களைக் கொன்றும் விரட்டியும் தீர்த்தபோது வான் ஊரின் பட்டறைகளும் போயின. அந்த ஊர் இப்போது துருக்கியில். இதையெல்லாம் படித்துவிட்டு நேற்று சரியாகத் தூங்கவில்லை.

சரி, வாங்குகிற விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு வெள்ளி வேண்டாம். சேலத்துக்காரனுக்கு வெள்ளி வாங்கிவந்தால் ஊர் சிரிக்கும். அம்மாவுக்கு அந்தப் பாட்டி விற்கிற ஊசி லேஸ் வாங்கு. அம்மா போடுவது கொக்கிப் பின்னல். இது வெறும் ஊசியும் நூலும் வைத்து ஒவ்வொரு கண்ணியாக முடிச்சுப் போடுவது. உள்ளங்கை அகலத்துக்கே நாள்கணக்கில் ஆகும். "விலை ஜாஸ்தி, பேரம் பேசட்டுமா?" என்று கேட்டாய். வேண்டாம். ஒரு கடைக்காரர் என்னிடம் நாற்பது ஜோடி கொலுசு வாங்கிக்கொண்டு, எடையைப் போட்டு, கூலியில் பாதியை வெட்டினார். அது உன் முதல் வருஷ ஃபீஸ் கட்டிய மாசம். உன்னிடம் சொல்லவில்லை. அந்தப் பாட்டியிடம் எத்தனை நாள் ஆயிற்று என்று மட்டும் கேள். பதில் சொல்லும்போது முகம் எப்படி ஆகிறது என்று எனக்கு எழுது.

அப்புறம் இன்னொன்று. அந்தச் சந்தையில் ஆர்மீனிய எழுத்தையே டாலராகச் செய்து தொங்கவிட்டிருந்தார்களே, சிலது பறவை உருவத்தில். மெஸ்ரோப் மாஷ்டோட்ஸ் என்கிற துறவி 405-இல் செய்த எழுத்து என்று நீதான் சொன்னாய். எனக்கு அது புதுசில்லை. வேலை விஷயமாகச் சென்னை போனபோது அரண்மனைக்காரன் தெருவில் 1772-இல் கட்டிய ஆர்மீனியர் கோயிலுக்குள் ஒரு மத்தியானம் ஒதுங்கினேன். தரையில் பதித்த கல்லறைக் கற்களில் இதே எழுத்து. அவர்களுடைய முதல் பத்திரிகையே 1794-இல் மெட்ராஸில்தான் அச்சாகியிருக்கிறது. வாசிக்கத் தெரியாவிட்டாலும் வெட்டு எவ்வளவு ஆழம் என்று குனிந்து தடவிப் பார்த்தேன். காவலாளி என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

அதில் அம்மா பெயரின் முதல் எழுத்து கிடைத்தால் ஒன்று எடு. கம்பி வேலையாக இருந்தால் மட்டும். காசு கொடுப்பதற்கு முன்னால் பின்பக்கத்தை நல்ல வெளிச்சத்தில் போட்டோ எடுத்து அனுப்பு. நான் பார்த்துச் சொல்கிறேன்.

குளிருக்குக் காதை மூடிக்கொள்.

அன்புடன்,
அப்பா