கடலைக் காட்டாத வழிகாட்டித் தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

உன் செட்டிநாட்டுச் சுற்றுலாத் திட்டத்தில் கடல் இல்லை. கானாடுகாத்தான் வீடுகள் இருக்கின்றன, ஆத்தங்குடிப் பெரிய வீடு இருக்கிறது, பிள்ளையார்பட்டி இருக்கிறது. மதியம் தலைவாழை இலையில் விருந்து, மாலையில் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகள். எதையும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நீ காட்டுவதெல்லாம் வந்து சேர்ந்த பொருள். அது வந்த வழியை ஒருவருக்கும் காட்டுவதில்லை. உன் அப்பாவோடு ஒரே பெஞ்சில் படித்தவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

யோசித்துப் பார். தேக்கு பர்மாவிலிருந்து, சலவைக்கல் இத்தாலியிலிருந்து, கண்ணாடி பெல்ஜியத்திலிருந்து என்று நீயே அடுக்குகிறாய். ஆத்தங்குடித் தரைக்கல்லையும் செட்டிநாட்டுச் சுண்ணாம்புக் காரை வேலையையும் தவிர்த்தால், வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்துப் படம் எடுக்கும் பொருள்களில் பெரும்பாலானவை கப்பல் ஏறி வந்தவை. இந்த வீடுகளைக் கட்டிய நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள்) தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் வரலாறும் கடற்கரையில்தான் தொடங்குகிறது. காவிரிப்பூம்பட்டினத்தை விட்டுப் புறப்பட்டு, பாண்டிய நாட்டில் இளையாத்தங்குடி முதலான ஒன்பது கோயில்களைச் சார்ந்து குடியேறினார்கள் என்பது மரபு. கடல்கோளுக்குப் பயந்து வந்தவர்கள் ஆகையால்தான் வீட்டை இவ்வளவு உயர்த்திக் கட்டினார்கள் என்று நீ ஒரு போடு போடுகிறாயே, அதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. மழைத் தண்ணீருக்கும் கறையானுக்கும் பயந்தாலும் திண்ணை உயரத்தான் செய்யும். கதை மெய்யோ பொய்யோ, கடலை விட்டு உள்ளே வந்ததாகச் சொல்லிக்கொண்டவர்கள் அதே கடலைத் தாண்டிப் பர்மா வரை போய் லேவாதேவி, அதாவது வட்டிக்குக் கடன் கொடுக்கும் தொழில், செய்தார்கள். 1930-களின் விலைவீழ்ச்சியில், கடனை அடைக்க முடியாத விவசாயிகளிடமிருந்து, கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறத்தாழ கால்பங்கு நிலம் அவர்கள் கைக்கு வந்தது. 1942-இல் ஜப்பான் படை பர்மாவுக்குள் நுழைந்தது; அந்தத் தொழிலும் நிலமும் கைவிட்டுப் போயின. நீ காட்டும் வீடுகள் பலவற்றில் இன்று பூட்டு தொங்குவதற்கான காரணத்தை, வாரிசுச் சண்டையில் தேடுவதற்கு முன்னால் அங்கே தேட வேண்டும்.

அதனால் வண்டியைக் கிழக்கே, பழைய துறைமுக ஊரான தொண்டிக்குத் திருப்பு என்கிறேன். காரைக்குடியிலிருந்து தேவகோட்டை, திருவாடானை வழியாகக் காரில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். சம்பந்தர் பாடிய ஆதிரத்தினேசுவரர் கோயில் திருவாடானையில் வழியிலேயே இருக்கிறது. அங்கே ஒன்பது நிலைக் கோபுரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் கடல். இன்னொரு வேடிக்கையையும் சொல்லிக்கொண்டே போகலாம். திருவாடானையிலிருந்து நீ போகிற சாலை 85-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. கொச்சியில் அரபிக்கடல் பக்கம் புறப்பட்டு, மூணாறு மலையேறி இறங்கி, தேனி, மதுரை, சிவகங்கை எல்லாம் தாண்டி வருகிற சாலை, முடிகிற இடமாகத் தேர்ந்தெடுத்தது இந்தச் சின்ன ஊரை.

முன்கூட்டியே எச்சரித்துவிடு: தொண்டியில் அலை கிடையாது. பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல். மெரினாவை நினைத்துக்கொண்டு வருகிறவர்கள், ஏரி மாதிரி அசையாமல் கிடக்கும் தண்ணீரைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். கரையெல்லாம் கறுத்த நாடாவாக ஒதுங்கிக் கிடப்பதைக் குப்பை என்பார்கள். அது கடற்புல். இந்தப் புல்வெளியை நம்பித்தான் கடல்பசு உயிர் வாழ்கிறது. நம் கரைப்பக்கத்தில் ஆவுளியா என்பார்கள். தொண்டிக்கு வடக்கே, புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் கடல்பசுக் காப்பகமாக 2022-இல் அரசு அறிவித்திருக்கிறது. ஆவுளியாவைக் காட்டுகிறேன் என்று மட்டும் யாருக்கும் வாக்குக் கொடுத்துவிடாதே. கரையில் ஒதுங்கிய புல்லைக் கையில் எடுத்துக் கொடு, போதும்.

வரலாற்றைக் கடற்கரையில் நின்றே சொல்லலாம். சிலப்பதிகாரத்தில் ஊர்காண் காதை நினைவிருக்கிறதா? தொண்டியோர் கப்பல்களில் அனுப்பிய அகில், துகில், சந்தனம், கருப்பூரம் இவற்றின் மணத்தைச் சுமந்துகொண்டு கொண்டல் காற்று மதுரைக்குள் நுழைகிறது. மேற்குக் கரையில் சேரருக்கும் ஒரு தொண்டி உண்டு என்று படித்தவர் யாராவது குறுக்கே பேசுவார். கொண்டல் கிழக்கிலிருந்து அடிக்கிற காற்று. மதுரைக்குக் கிழக்கே இருப்பது நம் தொண்டிதான் என்று சொல்லிவிடு. வாசனைச் சரக்கு மட்டும் இறங்கிய கரையும் இல்லை இது. 12-ஆம் நூற்றாண்டில் பாண்டியர்களின் அரியணைச் சண்டையில் இலங்கை மன்னன் பராக்கிரமபாகு மூக்கை நுழைத்தபோது, தொண்டியும் அதற்கு வடக்கே உள்ள பாசிப்பட்டினமும் போர்க்களமாயின. சோழர் கல்வெட்டே அதைப் பேசுகிறது.

பிற்காலத்தில் தோணிகள் தொண்டிக்கும் இலங்கைக்கும் இடையே போய்வந்துகொண்டிருந்தன. நீராவிக் கப்பலும் ரயிலும் வந்த பிறகு கணக்கு மாறியது. பினாங்குக்குப் போகிறவர்கள் நாகப்பட்டினத்தில் ஏறினார்கள். 1914-இல் பாம்பன் பாலம் திறந்து, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் விட்டதும் கொழும்புக்குப் போகிறவர்களும் அந்தப் பக்கம் திரும்பினார்கள். தொண்டிக்கு ரயில் வரவே இல்லை. துறைமுகம் செத்ததற்கு மண் தூர்ந்தது, புயல் அடித்தது என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். என்னைக் கேட்டால் தண்டவாளம்தான் முதல் காரணம். பிறகு 1974-இல் இந்தக் கடலிலேயே எல்லைக்கோடு போட்டாயிற்று. தாத்தா காலத்தில் சரக்கோடு போன திசையில் இன்று பேரன் வலையோடு போனால் சிறை. கரையில் பேச்சுக்கொடுத்தால் இதைத்தான் முதலில் சொல்வார்கள். உன் ஆட்களை அப்போது செல்போனைப் பைக்குள் வைக்கச் சொல்.

பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பாய். நினைவுச்சின்னம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. அது எனக்குப் பிடித்திருக்கிறது. காலையில் படகுகள் வந்த பிறகு நண்டு வலையைக் கரையில் விரித்துப் பிரிப்பார்கள், அதைப் பார்க்க வை. நீலக்கால் நண்டு வலையில் பத்துச் சுற்றுச் சுற்றிக்கொண்டு கிடக்கும். வலையை மடியில் போட்டுக்கொண்டு, இடது கட்டைவிரலால் முதுகோட்டை அழுத்திப் பிடித்து, கொடுக்கைப் பின்பக்கமாக மடக்கி, நூலை ஒவ்வொரு காலாக உருவுவார்கள். கால் உடைந்தால் விலை போச்சு. அவசரமே தெரியாது, ஆனால் பேசி முடிப்பதற்குள் கூடை நிரம்பியிருக்கும். காரைக்குடி உணவகத்தில் செட்டிநாட்டு நண்டு மசாலா என்று எழுதிப்போட்டு வாங்குகிற விலையையும், இங்கே ஏலத்தில் கேட்கிற விலையையும் அடுத்தடுத்துச் சொன்னால் உன் விருந்தாளிகள் சாப்பாட்டை இன்னும் மரியாதையோடு சாப்பிடுவார்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த நாட்களில் நாட்டுப்படகுகள்தான் போகும். கரை கலகலப்பாக இராது. வெள்ளிக்கிழமை மதியமும் வேண்டாம், ஜும்மா நேரத்தில் கடைவீதி அடங்கிவிடும்.

ஊருக்கு வெளியே அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை இருக்கிறது. காரைக்குடிப் பல்கலைக்கழகம் கடலைப் படிப்பதற்கு ஓர் இடம் தேடியபோது தொண்டிக்குத்தான் வந்தது. செட்டிநாட்டுக் கடல் எது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, உன் திட்டத்துக்குத்தான் தெரியவில்லை.

மிச்ச நேரத்தை வடக்கே செலவழி. பாம்பாற்றங்கரையில் ஓரியூர். போர்த்துக்கீசியத் துறவி ஜான் டி பிரிட்டோ, நம் ஊர்களில் அருளானந்தர், 1693 பிப்ரவரி 4 அன்று தலை வெட்டப்பட்ட இடம். ராமநாதபுரம் மன்னர் கிழவன் சேதுபதியின் ஆட்சிக்காலம். சேதுபதி குடும்பத்துத் தடியத்தேவர் ஞானஸ்நானம் பெற்று ஒரே மனைவியோடு வாழ முடிவுசெய்ய, விலக்கப்பட்ட மனைவியரில் ஒருத்தி சேதுபதிக்கு நெருங்கிய உறவு. குடும்பத் தகராறு ஒன்று ஒரு புனிதரை உண்டாக்கிவிட்டது என்று நான் சொன்னால் கோபித்துக்கொள்வார்கள். நீ பக்குவமாகச் சொல். அங்கே மண் சிவப்பாக இருக்கும், சாதி மதம் பார்க்காமல் எடுத்துப்போவார்கள்.

அதற்கும் வடக்கே திருப்புனவாசல். அங்கே சிவன் கோயிலில் லிங்கமும் அதன் பீடமான ஆவுடையாரும் அவ்வளவு பெரியவை. 'மூன்று முழமும் ஒரு சுற்று, முப்பது முழமும் ஒரு சுற்று' என்று பழமொழியே உண்டு: லிங்கத்துக்கு மூன்று முழ வேட்டி, ஆவுடையாருக்கு முப்பது முழம். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய ஊர். கூட்டம் இருக்காது. குருக்களிடம் அந்த முப்பது முழத்தைக் கேட்டுப் பார், உற்சாகமாகிவிடுவார்.

தெற்கே போனால் காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் படகுச் சவாரி, உப்பூரில் வெயிலுகந்த விநாயகர், தேவிபட்டினத்தில் கடலுக்குள் ராமர் நட்டதாகச் சொல்லும் ஒன்பது கற்கள். இவையெல்லாம் ஏற்கெனவே ராமேசுவரம் போகிறவர்கள் இறங்கிப் பார்க்கிற இடங்கள், நீ புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. ஒரே நாளில் வடக்கையும் தெற்கையும் சேர்த்துக் கட்டாதே. வண்டிக்குள் உட்கார்ந்தே செத்துப்போவார்கள்.

ஒரு நாளைக்கு இரண்டு வீடு குறைந்தால் உன் வருமானம் குறையும் என்று கணக்குப் போடுவாய். நான்காவது வீட்டுக்கு வரும்போதே அவர்களுக்கு எல்லாத் தூணும் ஒன்றுபோலத்தான் தெரிகிறது. நான் முகங்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆள் சேர்ப்பதற்கு முன்னால் நீயும் நானும் மட்டும் ஒரு தடவை போய் வருவோம். கிளம்புகிற நாளைச் சொல். நண்டுக்கு நான் காசு கொடுக்கிறேன், திருவாடானையில் காபிக்கு நீ கொடு.

இப்படிக்கு,
தேவகோட்டையிலிருந்து உன் பெரியப்பா முறை ஆள்