பக்கவாத நடைப்பயிற்சிச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024-25

தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், அவர்களைக் கைப்பிடித்து அழைத்து வந்த வீட்டாருக்கும் வணக்கம். வராதவர்களுக்கும் வணக்கம். அவர்கள் விஷயத்தைப் பிறகு சொல்கிறேன்.

ஆகஸ்ட் 15 கொடியேற்றம் நடந்தது. ஆயுத பூஜைக்குச் சுண்டல் கொடுத்தோம். அக்டோபர் 29 உலகப் பக்கவாத தினம் தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் வந்ததால் கூட்டத்துக்கு 11 பேர்தான். பேச வந்த மருத்துவர், வாய் கோணினாலோ கை துவண்டாலோ பேச்சு குழறினாலோ உடனே 108-ஐக் கூப்பிடச் சொன்னார்; ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. நமக்கு அந்தக் கெடு எப்போதோ தாண்டிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரருக்காவது உதவட்டும். பெஞ்சல் புயல் மழையில் ஒரு வாரம் பயிற்சி இல்லை.

இனி கம்பி விஷயம். பலவிதமாகப் பேச்சு அடிபடுவதால் விவரமாகவே சொல்லிவிடுகிறேன்.

பூங்காவில் வேப்பமரத்தடியில், நாம் பிடித்து நடை பழக, ஆறு மீட்டர் நீளத்துக்கு இருபுறமும் ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் போட்டது செயலாளர் தன்னிச்சையாகச் செய்தது என்கிறார்கள். ஜூன் மாத மினிட் புத்தகத்தில் தீர்மானம் இருக்கிறது. அன்றைக்குக் கோரம், அதாவது தீர்மானம் போடத் தேவையான ஆள் எண்ணிக்கை, இல்லையாம். அதைச் சொல்பவர்கள் அன்றைக்கு வராதவர்கள். சரி, போகட்டும்.

உயரத்துக்காக மட்டும் மூன்று நாள் அலைந்தேன். நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு எங்கே வருகிறதோ அங்கே கம்பி இருக்க வேண்டும், அப்போதுதான் பிடிக்கும்போது முழங்கை லேசாக மடியும் என்று பிசியோதெரபிஸ்ட் சொன்னார். நம்மில் ஆறடிக்காரரும் உண்டு, நாலே முக்கால் அடி அம்மாவும் உண்டு. அதனால் மேலொன்று கீழொன்றாக இரண்டு வரிசை. பைப் செலவு கூடியது அதனால்தான். போட்டு முடித்தால் காலை எட்டரைக்கே கம்பி சுட்டது. உணர்ச்சி மங்கிய கைக்குச் சூடு தெரியாது, கொப்புளம் வந்தால்தான் தெரியும். கட்டில் நாடா வாங்கி முழு நீளத்துக்கும் சுற்றியவன் நான், ஒரு முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு, என் ஒற்றைக் கையால். இதற்குக் கூலி எழுதவில்லை.

கம்பி எதற்கு, சும்மா நடந்தால் போதாதா என்று கேட்டார்கள். நேராக நடக்க நம்மில் பலருக்கு வந்துவிடுகிறது. விழுவது திரும்பும்போது. ஒரு காலை ஊன்றிச் சட்டென்று சுழலாமல், தெருமுக்கில் தேரைத் திருப்புகிற மாதிரி சின்னச் சின்ன அடியாகத் திரும்பிப் பழக, இரண்டு பக்கமும் பிடி வேண்டும்.

நம் உறுப்பினர் ஒருவர் ஓய்வு பெற்ற கண்டக்டர். ஓடும் பஸ்ஸில் எதையும் பிடிக்காமல் நின்று டிக்கெட் கிழித்தவர். கை வைத்த நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரும் சோதனையில் ஜூலையில் அவருக்கு 48 விநாடி ஆனது. பிப்ரவரியில் 26. நடுவே ஒரு நாள் அவர் கம்பிக்குள் திரும்பிக்கொண்டிருந்தபோது யாரோ "கண்டக்டரே, சில்லறை இருக்கா?" என்றார்கள். பதில் சொல்ல வாயைத் திறந்தார், கால் பின்னியது. கம்பி இருந்ததால் விழவில்லை. முன்பு தானாக நடந்த கால், இப்போது யோசித்தால்தான் நடக்கிறது. யோசனை பேச்சுக்குப் போனால் கால் நின்றுவிடுகிறது. 'கம்பிக்குள் பேசக் கூடாது' என்று பலகை வைத்ததும் இதனால்தான், சிலர் நினைப்பது போல யார் வாயையும் அடைக்க அல்ல.

உறுப்பினர்கள் 43. ஆண்டுச் சந்தா 600 ரூபாயைச் செலுத்தியவர்கள் 19. தடியை விட்டவர்கள் சங்கத்தையும் விட்டுவிடுகிறார்கள். நிலுவை உள்ள ஒருவர் கடைவீதியில் என்னைப் பார்த்ததும் எதிர்ச்சாரிக்குப் போய்விட்டார். போன வேகத்தைப் பார்த்தால் பயிற்சி நன்றாகவே பலித்திருக்கிறது. இன்னொரு வீட்டில் வாதம் போகும் என்று நம்பிப் புறா ரத்தம் தடவச் செலவழித்தது ஐந்து வருடச் சந்தாவுக்கு மேல். வர முடியாதவர்களைக் குறை சொல்லவில்லை. அழைத்து வர ஆளில்லாதவர்கள், நாலு பேர் பார்க்கக் காலை இழுத்து நடக்கக் கூசுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பதிந்தால் பிசியோதெரபி வீட்டுக்கே வரும். பதிய நான் உதவுகிறேன்.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். வரவும் செலவும் ஏறக்குறைய சரியாகவே இருக்கின்றன. கம்பி வகையில் வந்த சிறு பற்றாக்குறையை உறுப்பினர் ஒருவர் கைப்பணத்திலிருந்து ஈடுகட்டினார். பெயர் வெளியிட அவர் விரும்பவில்லை, இப்போதைக்கு.

இடம் தந்த பூங்கா நிர்வாகத்துக்கும், பிசியோதெரபிஸ்டுக்கும், வெல்டருக்கும், தேநீர் தந்தவர்களுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு மூன்று படி வைத்த மர மேடை ஒன்று செய்ய வேண்டும். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வாதக் கால் முதலில் என்று வாயால் சொல்லிக்கொண்டே இருந்தால் காலுக்கு ஏறாது. தச்சரிடம் விலை கேட்டு வைத்திருக்கிறேன். இந்தப் பொறுப்பில் நீடிக்க எனக்கு விருப்பமில்லை. போன ஆண்டும் இதைத்தான் சொன்னேன் என்று முன்வரிசையில் முணுமுணுப்பது கேட்கிறது. வேறு யாரும் முன்வராவிட்டால், படி வேலை முடியும் வரை பார்க்கலாம்.

ரசீதுப் புத்தகம் வாசல் மேஜையில் இருக்கிறது. வடையும் காபியும் அதைத் தாண்டித்தான்.