வயிறு இளகக் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

மூளை முடக்குவாதம், டவுன் சிண்ட்ரோம், அறிவுத்திறன் குறைபாடு என்று வெவ்வேறு காரணங்களால் எல்லாவற்றுக்கும் அடுத்தவர் கையை நம்பியிருக்கும் பிள்ளைகளின் பெற்றோர் நாங்கள். எங்கள் பிள்ளைகளில் பலர் இருபது, முப்பது வயதைத் தாண்டியவர்கள். அவர்களுடைய மலச்சிக்கல் தீர்ந்து, காலையில் நோகாமல் வெளிக்குப் போவதற்காக எத்தனையோ பேர் உழைத்திருக்கிறீர்கள். மேடையில் யாரும் பேசாத உழைப்பு அது. பொதுவாக ஒரு நன்றி சொல்லி முடித்துக்கொள்ள மனமில்லை. யார் சொன்ன எது, எதைச் சரிசெய்தது என்று விவரமாகவே எழுதுகிறோம். இதே பாடு படும் மற்ற வீடுகளுக்கும் அது உதவட்டும்.

முதல் நன்றி, வீடு தேடி வரும் நோய்த்தணிப்பு நர்ஸ் சிஸ்டர்களுக்கு. 2021 ஆகஸ்டில் தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கிய பிறகு, படுக்கையில் இருப்பவர்களின் வீட்டுக்கு நர்ஸும் பிசியோதெரபிஸ்ட்டும் வருவது பல ஊர்களில் வழக்கமாகியிருக்கிறது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ பிடித்துப் போய் வரிசையில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

சிஸ்டர், நீங்கள் சொல்லித் தந்ததில் உயிர் காத்தது ஒன்று உண்டு. நாலு நாள் போகாத பிள்ளைக்குத் திடீரென்று தண்ணீராகக் கசிந்தால் அது பேதியாக இருக்காது என்றீர்கள். மலக்குடலில் மலம் கல்லாக அடைத்துக்கொள்கிறது. மேலிருந்து வரும் இளகிய மலம் அந்த அடைப்பின் ஓரமாக வழிந்து டயப்பரில் கறையாகிறது. அதைப் பேதி என்று நினைத்து, பேதியை நிறுத்தும் மாத்திரை கொடுத்து, பழமும் கீரையும் நிறுத்தினால் அடைப்பு இன்னும் இறுகும். கொஞ்சம் கொஞ்சமாக, நாற்றத்தோடு, பிள்ளைக்கே தெரியாமல் கசிகிறதா, அடிவயிற்றின் இடப்பக்கம் தொட்டால் கட்டியாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னீர்கள். இந்த இரண்டும் இருந்தால் முதலில் அடைப்பை எடுக்க வேண்டும், அதுவும் டாக்டர் சொல்படி.

வாய் பேசாத பிள்ளையின் வயிற்றை வேறு அடையாளங்களால் படிக்கவும் உங்களிடம்தான் கற்றோம். சோற்றைத் தள்ளிவிடுவது, கையைக் கடிப்பது, இரவெல்லாம் புரள்வது, கால் விறைப்பு கூடுவது, சிறுநீர் சொட்டுச் சொட்டாகப் போவது, சிலருக்கு வலிப்பு அடிக்கடி வருவது. அடம் என்றோ புதிய மனநோய் என்றோ எண்ணி மாத்திரையைக் கூட்டுவதற்கு முன், கடைசியாக என்றைக்கு வெளிக்குப் போனான் என்று பாருங்கள் என்றீர்கள். அதற்காகத்தான் அந்தக் குறிப்புத் தாள். தேதி, நேரம், எவ்வளவு, எந்த வகை, அன்றைக்குக் கொடுத்த மருந்து ஆகிய ஐந்து கட்டங்கள் போதும். வகைக்கு, மலத்தை ஏழு வகையாகப் பிரித்துக் காட்டும், 1997இல் வெளியான பிரிஸ்டல் அட்டவணை. புழுக்கையாக உதிர்வது 1, கட்டி சேர்ந்து முண்டும் முடிச்சுமாக வருவது 2. முழுசாக, மேலே வெடிப்போடு வரும் 3, வழவழப்பாக வரும் 4 இரண்டும்தான் வேண்டியது. 5 முதல் 7 வரை இளக்கம். தினமும் போகிறான் என்பதால் மட்டும் சிக்கலில்லை என்று ஆகிவிடாது. தினமும் நாலு புழுக்கை போவதும் மலச்சிக்கல்தான்.

ஆசனவாய்க்குள் வைக்கும் மருந்தான சப்போசிட்டரியை வைப்பதைப் பயமில்லாமல் செய்யப் பழக்கியதற்கும் நன்றி. பிள்ளையை இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, மேல் காலை மடக்கிவிட வேண்டும். கையுறை போட்டு, மேலுறையைப் பிரித்து, நுனியில் தண்ணீரோ நீரில் கரையும் ஜெல்லோ தடவி, விரல் நீளத்துக்கு உள்ளே வைக்க வேண்டும். கிளிசரின் வகை மலத்தின் மேல் பட்டாலும் இளக்கும். பிசகோடில் வகை அப்படியில்லை, குடலின் சுவரைத் தொட்டால்தான் வேலை செய்யும். மலத்துக்குள் குத்தி வைத்துவிட்டு "மருந்து பிடிக்கவில்லை" என்று இன்னொன்று வைப்பதுதான் வீடுகளில் நடப்பது. வைத்த பிறகு சில நிமிடம் புட்டங்களைச் சேர்த்துப் பிடித்திருந்து, பதினைந்து இருபது நிமிடம் கழித்து உட்கார வைக்க வேண்டும். வெயில் காலத்தில் சப்போசிட்டரி உருகிவிடும், ஃபிரிட்ஜ் கதவில் வைக்கச் சொன்னதும் நீங்கள்தான்.

அடுத்து, வயிற்றைத் தொட்டுப் பார்த்த டாக்டர்களுக்கு. "இந்தப் பிள்ளைகளுக்கு இப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி அனுப்பாமல், ஏன் என்று தேடினீர்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தைராய்டு குறைவு அதிகம் வரும், அதுவே மலத்தை இறுக்கும் என்று ரத்தம் எடுத்துப் பார்த்தீர்கள். மருந்துப் பையைக் கொட்டச் சொல்லி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தீர்கள். விறைப்புக்குக் கொடுக்கும் ட்ரைஹெக்சிஃபெனிடில், எச்சில் வழிவதைக் குறைக்கும் கிளைக்கோபைரோலேட், சிறுநீர்ப்பைக்கான ஆக்சிபியூடினின் எல்லாம் குடலின் அசைவையும் சேர்த்துக் குறைப்பவை. மனநல மருந்துகளில் குளோசபின் குடலை மிகவும் மந்தமாக்கும். இரும்புச்சத்து மாத்திரையும் அப்படித்தான். இவற்றில் எதையும் நாங்களாக நிறுத்தக் கூடாது என்று கண்டித்துச் சொல்லிவிட்டு, குறைக்க முடிந்ததை நீங்கள் குறைத்தீர்கள். குறைக்க முடியாத மருந்தோடு மலமிளக்கியையும் தினசரி மருந்தாகவே எழுதினீர்கள்.

"போனால் நிறுத்து, போகாவிட்டால் கொடு" என்ற பழக்கத்தை உடைத்தது அந்தச் சீட்டுதான். விரிந்து போன குடல் பழைய அளவுக்குச் சுருங்கப் பல மாதம் ஆகும். ஒரு வாரம் நன்றாகப் போனதும் மருந்தை நிறுத்தினால் மறுபடி அடைக்கும். லாக்டுலோஸ் என்ற மலமிளக்கி டானிக் கொடுத்து ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் வேலை செய்யும், இன்று கொடுத்து இன்றே எதிர்பார்க்கக் கூடாது. சிலருக்கு வாயு கூடி வயிறு உப்பும், அவர்களுக்குப் பெக் (பாலிஎத்திலீன் கிளைக்கால்) என்ற மலமிளக்கிப் பவுடர் ஒத்துப்போகும். பெக் பவுடர் தான் கலந்த தண்ணீரையே குடலுக்குக் கொண்டுபோகிறது, ஆகவே சொன்ன அளவு தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். இதையெல்லாம் எழுதி, இரண்டாம் நாள் போகாவிட்டால் என்ன கூட்டுவது, மூன்றாம் நாள் எதை வைப்பது, எப்போது போன் செய்வது என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியாக ஒரே தாளில் தந்தீர்கள். வீட்டில் யார் இருந்தாலும் அந்தத் தாளைப் பார்த்துச் செய்ய முடிகிறது.

எப்போது எதையும் கொடுக்கக் கூடாது என்பதையும் அதே தாளில் சிவப்பு மையில் எழுதினீர்கள். வயிறு பறை போல விறைத்து உப்பி, வாயுவும் பிரியாமல், வாந்தி வந்தால் மலமிளக்கி, இனிமா, வயிற்றுத் தேய்ப்பு எதுவும் வேண்டாம், 108ஐக் கூப்பிட்டு உடனே ஆஸ்பத்திரி. பல ஆண்டு மலச்சிக்கலில் நீண்டு தொங்கும் பெருங்குடல் முறுக்கிக்கொள்ளலாம், அதற்கு மணிக்கணக்கில் காத்திருக்க முடியாது. பாஸ்பேட் இனிமாவை ஒரே நாளில் இரண்டாவது முறை கொடுப்பதும், சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்குக் கேட்காமல் கொடுப்பதும் ரத்தத்தின் உப்புகளைக் குலைத்து உயிருக்கே ஆபத்தாகும்.

மருந்துக்கடைத் தம்பிகளுக்கு: பிசகோடில் மாத்திரையை நுணுக்கிப் பாலில் கலக்கப் போனபோது தடுத்தீர்களே, அதற்கு நன்றி. அதன் மேல்பூச்சு குடலில்தான் கரைய வேண்டும். நுணுக்கினாலும் பாலோடு கொடுத்தாலும் வயிற்றிலேயே கரைந்து புரட்டும். புரையேறும் பிள்ளைகளுக்கு லிக்விட் பாரஃபின் சேர்ந்த டானிக்கும், பாட்டி காலத்து விளக்கெண்ணெயும் வாய்வழி வேண்டாம் என்றீர்கள். எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் இருமல்கூட வராமல் நிமோனியாவில் கொண்டுவிடும். இசப்கோலும் அப்படியே வாங்கிப்போகும் பொருள் இல்லை. நிறையத் தண்ணீர் குடிக்க முடியாதவருக்கு அது தொண்டையிலோ குடலிலோ களியாக அடைத்துக்கொள்ளும்.

விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களுக்காக வந்த பேச்சுப் பயிற்சியாளர்களுக்குத் தனி நன்றி. தண்ணீரைக் கெட்டியாக்கும் மாவுச்சத்துப் பவுடரோடு பெக் பவுடர் சேர்ந்தால் கெட்டி போய் மறுபடி நீர்த்துவிடும், குடிப்பவருக்குப் புரையேறும் என்று நீங்கள் சொல்லாமல் எங்களுக்குத் தெரிந்திருக்காது. சாந்தன் கம் வகைப் பவுடருக்கு மாற்றினீர்கள்.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். பப்பாளி, விதை நீக்கிய கொய்யா, ஊறவைத்து மசித்த உலர்திராட்சை, கடைந்த கீரை, சுரைக்காய்க் கூட்டு என்று ஒவ்வொன்றாக, சில வாரங்களில் மெல்லக் கூட்டச் சொன்னார்கள் ஊட்டச்சத்து ஆலோசகர்கள். தண்ணீர் இல்லாமல் நார்ச்சத்தை மட்டும் கூட்டினால் சிக்கல்தான் கூடும். உண்மையான குறை தண்ணீரில் இருந்தது. டயப்பர் நனையுமே, வெளியே போனால் மாற்ற இடம் இல்லையே என்று பல வீடுகளில் தண்ணீரைக் குறைத்துவிடுகிறோம். 200 மில்லி டம்ளரில் ஏழெட்டு, மோரும் ரசமும் கஞ்சித் தண்ணீரும் அதில் சேர்த்தி, அதில் பெரும்பங்கு மாலை ஆறு மணிக்கு முன் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். இருதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அளவு வேறு, அதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

பிசியோ அண்ணன்களே, அக்காக்களே, காலை ஒழுங்கு முழுக்க நீங்கள் அமைத்தது. எழுந்ததும் வெந்நீர். பிறகு மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்காலுக்கு அடியில் தலையணை கொடுத்து, உள்ளங்கையைத் தட்டையாக வைத்து வயிற்றைத் தேய்ப்பது. வலது அடிவயிற்றில் தொடங்கி வலது விலா வரை மேலே, அங்கிருந்து குறுக்கே இடது விலாவுக்கு, பின் இடது அடிவயிறு வரை கீழே. பத்து பதினைந்து நிமிடம், எப்போதும் அதே திசை. வயிற்றில் உணவுக் குழாய் இருந்தாலோ அண்மையில் ஆபரேஷன் நடந்திருந்தாலோ கேட்காமல் தேய்க்கக் கூடாது. முழங்காலை மார்புப் பக்கம் மடக்கும் பயிற்சியிலும், இடுப்பு மூட்டு நழுவியிருக்கும் பிள்ளைகளுக்கு எதுவரை மடக்கலாம் என்று கையைப் பிடித்துக் காட்டினீர்கள். அதன் பிறகு காலை உணவு. சாப்பிட்டு இருபது முப்பது நிமிடத்தில் குடல் தானாக அசையும், அந்த நேரத்தில்தான் உட்கார வைக்க வேண்டும். பத்து நிமிடம் போதும். அரைமணி நேரம் முக்கிக்கொண்டிருந்தால் மூலம் வரும், குடல் ஆசனவாய் வழியாக வெளித்தள்ளும்.

பிசியோக்கள் தாளில் வரைந்த கழிப்பறை நாற்காலியைக் கம்பியில் செய்து தந்த வெல்டிங் பட்டறைக்காரர்களுக்கும் எங்கள் வணக்கம். கால் அந்தரத்தில் தொங்கினால் உடம்பு முழுக்க விறைக்கும், வயிற்றுத் தசையால் தள்ள முடியாது. அதனால் முழங்கால் இடுப்பைவிட உயரும்படி ஏற்றி இறக்கக்கூடிய மிதிபலகை வைத்தீர்கள். முன்னால் சாய்ந்துகொள்ள மார்பு உயரத்தில் ஒரு கம்பி, ரெக்சின் சுற்றிய நுரைப் பஞ்சு, அகலமான கால்களில் ரப்பர் புஷ். ஓட்டை பெரிதாக இருந்தால் புட்டம் உள்ளே அமிழ்ந்து பிள்ளை பயத்தில் இறுக்கிக்கொள்வான் என்பதைச் சொன்னதும் புரிந்துகொண்டு, வளையத்தைச் சிறிதாக்கிக் கொடுத்தீர்கள். பிளாஸ்டிக் நாற்காலியை வெட்டி ஓட்டை போட்டு உட்கார வைக்கும் வீடுகளைக் கேட்டுக்கொள்கிறோம்: அது கவிழும், வெட்டிய விளிம்பு தோலைக் கிழிக்கும்.

பகல்நேர மையத்து ஆயாக்களும் உதவியாளர்களும் எங்கள் பிள்ளைகளைப் பெரியவர்களாக நடத்துகிறீர்கள். கதவைச் சாத்துகிறீர்கள், மடியில் துண்டு போடுகிறீர்கள், தொடுவதற்கு முன் சொல்லிவிட்டுத் தொடுகிறீர்கள். இளைஞனுக்கு ஆண் உதவியாளர், பெண்ணுக்குப் பெண் என்பதில் விட்டுக்கொடுப்பதில்லை. பிள்ளை பயப்படாமல் தசையைத் தளர்த்துவதற்கு இது மருந்துக்குச் சமம் என்று நாங்கள் நம்புகிறோம். முக்கத் தெரியாதவர்களுக்கு விசில் கொடுத்து ஊதச் சொல்வதும், சோப்புக் குமிழி விடச் சொல்வதும் நீங்கள் கண்ட வழி. ஊதும்போது வயிற்றுத் தசை தானாக அழுத்துகிறது. மாலையில் பையில் வைத்து அனுப்பும் துண்டுச்சீட்டால்தான் எங்கள் குறிப்புத் தாள் முழுமையாகிறது.

கடைசியாக, அக்காவையும் தம்பியையும் தூக்கி உட்கார வைக்கும் கூடப்பிறந்தவர்களுக்கு, கைலியும் பெட்ஷீட்டும் முகம் சுளிக்காமல் அலசித் தரும் வீட்டு வேலை அக்காக்களுக்கு, நள்ளிரவு போனிலும் "வாந்தி இருக்கா, வாயு பிரியுதா?" என்று முதலில் கேட்கும் மற்ற அம்மாக்களுக்கு. இந்த மாதக் குறிப்புத் தாள்களை எடுத்து வைத்திருக்கிறோம் சிஸ்டர், அடுத்த முறை வரும்போது பார்த்துச் சொல்லுங்கள்.

நன்றியுடன்,
வளர்ந்த பிள்ளைகளை வீட்டில் பராமரிக்கும் பெற்றோர்