திருத்துநர் சங்கத்தின் ஆண்டறிக்கை – 2024

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகசபை உறுப்பினர்களே, அங்கத்தவர்களே,

இயந்திரங்களைத் திருத்துவோரான எமது சங்கத்தின் 2024ஆம் ஆண்டுக்கான செயற்பாட்டறிக்கையை இப்பொதுக்கூட்டத்தில் சமர்ப்பிக்கின்றேன். மாதாந்தக் கூட்டங்கள் ஒழுங்காக நடைபெற்றன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். ஆகவே கடையில் கிடைக்காத, அல்லது கிடைத்தும் வாங்க முடியாத உதிரிப்பாகங்களுள் எவற்றை நாமே செய்யலாம், எவற்றைச் செய்யக் கூடாது என்று ஆண்டு முழுவதும் நாம் வாதிட்டு வந்த ஒரே விடயத்திற்கு இவ்வறிக்கையின் பெரும்பகுதியை ஒதுக்குகின்றேன்.

போரினால் வடக்கில் பொருளாதாரத் தடை நிலவிய 1990களில், காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தை இயக்கி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓடவிட்டவர்கள் இச்சபையில் இன்றும் அமர்ந்திருக்கின்றார்கள். 2002இல் ஏ9 பாதை திறந்து பொருட்கள் வரத் தொடங்கிய பின்னர் அக்கைப்பழக்கம் தேவையற்றதாகத் தோன்றியது. 2022இல் நாட்டில் அந்நியச் செலாவணி தீர்ந்து, இறக்குமதிப் பொருட்களின் விலை ஏறியபோது அதே மூத்தவர்களைத் தேடி இளையவர்கள் வந்தார்கள். அன்று வேறு வழியில்லாததால் செய்ததையெல்லாம் இன்றும் செய்யலாமா என்ற கேள்வி அங்கிருந்தே எழுந்தது. நீண்ட விவாதத்தின் பின், ஒரு பாகத்தைச் செய்யுமுன் அது உடைந்தால் என்ன நேரும் என்பதையே முதலில் கேட்க வேண்டும் என்று சபை தீர்மானித்தது.

மேட்டுநிலத் தோட்டங்களின் நீரிறைக்கும் இயந்திரங்களே இவ்வாண்டும் அதிகமாக வந்தன. இரு பாகங்கள் பொருந்தும் இடத்தில் ஒழுகாமல் வைக்கும் காஸ்கற்றை, தண்ணீர்ப் பக்கத்திற்குப் பழைய ரயர் ரியூப்பில் வெட்டிப் போடுவதில் தவறில்லை. ஒழுகினால் தண்ணீரே ஒழுகும். ஆனால் அதே ரியூப்பை எரிபொருட் பக்கத்தில் சிலர் போட்டிருந்தார்கள். ரியூப் செய்யப்படும் பியூற்றைல் இறப்பர் பெற்றோலிலும் மண்ணெண்ணெயிலும் ஊதிப் பருத்து இளகிவிடும் என்பதால், அவ்விடத்திற்குக் காஸ்கற் கடதாசியையே பாவிக்குமாறு அறிவுறுத்தப்பட்டது. கடதாசியை உலோக விளிம்பின் மேல் வைத்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் மெல்லத் தட்டி வெட்டியெடுக்கும் முறையை ஒரு மூத்த அங்கத்தவர் செய்து காட்டினார். கத்தரிக்கோலைத் தேடிய இளையவர்களுக்கு அது வியப்பாக இருந்தது.

சுழலும் தண்டைத் தாங்கும் உள்வளையமான புஷ்ஷைக் கடைவதில் எழுந்த சிக்கல் உலோகம் பற்றியது. பம்பி புஷ்ஷுக்கு உகந்தது செப்பு 88, வெள்ளீயம் 10, நாகம் (துத்தநாகம்) 2 என்ற விகிதத்திலான பீரங்கி வெண்கலம். பழைய வால்வுகளையும் உடைந்த பம்பிகளின் உள்ளுறுப்புகளையும் இதற்கெனச் சேகரித்தோம். ஷெல் கோதுகளையும் சன்னக் கோதுகளையும் கொண்டுவந்தவர்களைத் திருப்பி அனுப்பினோம். அது 70க்கு 30 விகிதத்தில் செப்பும் நாகமும் கலந்த மெதுவான பித்தளை, புஷ்ஷுக்கு நல்லதல்ல. நல்லதாகவே இருந்தாலும் வாங்கியிருக்க மாட்டோம். பழைய இரும்பு பொறுக்கப் போய் வெடித்தவற்றால் கையையும் கண்ணையும் இழந்தவர்கள் எங்கள் பிரதேசத்தில் உள்ளனர். அந்த உலோகத்திற்கு ஒரு விலை இருக்கின்றது என்று எமது சங்கமே காட்டிவிடக் கூடாது.

நெல் தூற்றும் இயந்திரமொன்றுக்கு, பழைய வீட்டு வளையிலிருந்து எடுத்த பாலை மரத்தைக் கடைந்து, எண்ணெயில் ஊறவைத்துப் புஷ்ஷாகப் போட்டது இவ்வாண்டின் மிகச் சிறந்த வேலை என்பது எனது தனிப்பட்ட கருத்து. பாரம் குறைந்த, மெதுவாகச் சுழலும் இடத்திற்கு அது போதும். தேய்ந்தால் மரமே தேயும், தண்டு தப்பும். வேகமான தண்டுகளுக்கு இதைப் போட வேண்டாம்.

போல்ற், நற்றுகளின் புரி விடயத்தில் ஓர் எச்சரிக்கை. பழைய ஆங்கிலேய இயந்திரங்களின் விற்வேர்த் புரியும், மெசி பேர்கசன் 135 போன்ற உழவு இயந்திரங்களில் காணப்படும் யு.என்.சி. என்ற வகைப் புரியும் பல அளவுகளில் அங்குலத்திற்கு ஒரே எண்ணிக்கையில் இருப்பதால் ஒன்றுக்கொன்று ஏறிவிடுகின்றன. எனினும் முன்னதன் கோணம் 55 பாகை, பின்னதன் கோணம் 60 பாகை; பிடிமானம் குறைவு. அரை அங்குலத்தில் மட்டும் எண்ணிக்கையே 12 என்றும் 13 என்றும் மாறுபடுகின்றது. அங்கே சாவியால் பலவந்தமாக இறுக்கினால் புரி அழிவது நிச்சயம்.

ஆண்டின் மிகக் கடுமையான வாதம் ஒரு சிறிய போல்ற்றைப் பற்றியது. உழவு இயந்திரத்தின் சுழற்சியைப் பின்னால் பூட்டிய கருவிக்குக் கொடுக்கும் பி.ரி.ஓ. தண்டில் பொருத்தப்படும் வெட்டுப் போல்ற், சுழல் கலப்பை கல்லிலோ வேரிலோ சிக்கும்போது தான் உடைந்து கியர்ப் பெட்டியைக் காப்பதற்கென்றே இருப்பது. அது அடிக்கடி உடைகின்றதே என்று சலித்த ஓர் உரிமையாளர், வில்லுத் தகட்டு இரும்பில் கடினமான ஒன்றைச் செய்து போட்டார். காலபோக உழவின் நடுவே கியர்ப் பற்கள் சிதறின. உடைய வேண்டிய பாகத்தைப் பலமாகச் செய்வது திருத்தமல்ல என்பதைச் சபை அதன் பின்னரே ஒருமனதாக ஏற்றது. சுக்கான் முள், பிறேக் உறுப்புகள் ஆகியவற்றை எந்த அங்கத்தவரும் கையால் செய்து பொருத்தக் கூடாது என்ற விதியும் அன்றே நிறைவேறியது. அதை எதிர்த்தவர்கள் பழைய காலத்தை எடுத்துக்காட்டினார்கள். அக்காலத்தில் இவ்வீதிகளில் இத்தனை வாகனங்களும் இல்லை, இந்த வேகமும் இல்லை.

செய்த ஒவ்வொரு பாகத்தின் அளவையும், உலோகத்தையும், பொருத்திய திகதியையும், கழற்றிய திகதியையும் எழுதும் அளவுப் புத்தகம் தொடங்கப்பட்டுள்ளது. புஷ்ஷின் இடைவெளி தண்டின் ஓர் அங்குல விட்டத்திற்கு அங்குலத்தின் ஆயிரத்திலொரு பங்கு என்று மூத்தவர்கள் விரலாலேயே உணர்வதை, இளையவர்கள் அதில் எண்ணாகக் காணலாம். கழற்றிய திகதியை எழுதப் பலர் மறக்கின்றார்கள். அது இல்லாவிட்டால் புத்தகத்தால் பயனில்லை.

வருகின்ற ஆண்டில் விற்வேர்த் புரி வெட்டும் கருவித் தொகுதியொன்றை வாங்குவதற்கு அனுமதி வழங்குமாறும், அளவுப் புத்தகத்தின் பொறுப்பாளரை இன்றே தெரிவு செய்யுமாறும் கேட்டு, இவ்வறிக்கையைச் சபையின் அங்கீகாரத்திற்கு வைக்கின்றேன்.

செயலாளர்