அப்பாவின் கோப்பும் ஒரு சிவப்புக் கேபிளும்

கும்பகோணம்,
நவம்பர் 2025

அன்புள்ள சுமதி,

முதலில் விஷயம். உன் அப்பாவின் வாய்க்கால் புத்தகம் கிடைத்துவிட்டது. முழுசாக. படித்த கையோடு போனை எடுத்து அவரிடம் சொல்லிவிடாதே. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மார்ச்சுக்குப் பிறகு ஒரு வரிகூட எழுதாததற்கு நீ திட்டப்போகிறாய், தெரியும். ஆவணி முகூர்த்தப் பத்திரிகை வேலை, மாமியாருக்குக் கண் ஆபரேஷன், பெரியவன் காலேஜ் அட்மிஷன். எல்லாரும் நலம். ஜெயா மறுபடியும் வீடு மாற்றிவிட்டாள், ஜெனரேட்டர் சகிதம். இந்த வரைக்கும் போதும்.

ஓசூருக்குக் கிளம்பும்போது என் கடைப் பரணில் ஒரு கறுப்பு சிபியுவைத் தள்ளிவிட்டுப் போனாயே, அதைத்தான் இறக்கினேன். பக்கத்து வீட்டுப் பெண் பன்னிரண்டாம் வகுப்பில் கணினி அறிவியல் எடுத்திருக்கிறாள். பைத்தான் பாடத்தைப் போனில் படித்து ஒப்பிக்கிறாளே தவிர, ஒரு வரி ஓட்டிப் பார்த்ததில்லை. உன் பெட்டியில் விண்டோஸுக்குப் பதிலாக இலவச லினக்ஸ் போட்டுக் கொடுத்தால் ஆயிற்று என்று நினைத்தேன். கோர் 2 டூவோ, இரண்டு ஜிபி ராம், 2009-ல் அசெம்பிள் பண்ணியது. நம் கல்யாண ஆல்பங்களைவிட நல்ல நிலையில் இருந்தது, போ.

சிரிக்காதே, எனக்கு அந்த நேரத்தில் நீ 2006-ல் வரவழைத்த உபுண்டு லினக்ஸ் சிடிக்கள்தான் ஞாபகம் வந்தன. அப்போது கேட்டால் காசு வாங்காமல் தபாலில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். நீ ஒரு கட்டு வரவழைத்தாய், ஒன்றையும் போட்டுப் பார்க்கவில்லை, எல்லாம் உன் வீட்டுக் கொய்யா மரத்தில் கிளி விரட்டத் தொங்கின. இந்த நாட்டில் லினக்ஸ் பரவியதற்கு உன் பங்கு அவ்வளவுதான்.

சரி, பென் டிரைவில் லினக்ஸ் மின்ட் எடுத்தேன், இருப்பதில் லேசான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. பெட்டியைப் போட்டதும் முதலில் எழும் பயாஸில், எதிலிருந்து பூட் ஆக வேண்டும் என்ற பட்டியலில், பென் டிரைவே காணோம். பழைய போர்டுகளில் அது தனியாக வராது, ஹார்ட் டிஸ்க் வரிசைக்குள் ஒளிந்திருக்கும், அங்கே போய் முதலில் வைக்க வேண்டும். வைத்தேன், பூட் ஆயிற்று. இன்ஸ்டால் பொத்தானை அழுத்தினேன். மொழி, கீபோர்டு எல்லாம் கேட்டது. டிஸ்க்கில் எங்கே போடுவது என்று கேட்க வேண்டிய இடத்தில் வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றியது, சுற்றியது, மதியம் கடைக்கு வந்த கூட்டம் கலைந்த பிறகும் சுற்றிக்கொண்டிருந்தது.

கடைத்தெருவில் சர்வீஸ் பண்ணுகிற ஒருவரிடம் கேட்டேன். பெட்டியைத் திறக்கவே இல்லை. "டிஸ்க் போச்சுக்கா. பழைய மாடல், எதுக்கு மெனக்கெடுறீங்க, காயலான் கடையில போட்டுட்டுப் புதுசு வாங்குங்க" என்றார். நம் ராஜாமணி சாரே தேவலை. அவராவது ராமைக் கழற்றி ரப்பர் போட்டுத் தேய்த்துவிட்டு அப்புறம்தான் கையை விரிப்பார்!

எனக்கு அப்போதுதான் வயிற்றைப் பிசைந்தது. அந்த டிஸ்க்கில்தானே அப்பா தட்டச்சு செய்தார்? விண்டோஸ் 7 போட வந்த பையன் எல்லாவற்றையும் அழித்துவிட்டான் என்று நீங்கள் முடிவு கட்டியதும், அவர் அதற்குப் பிறகு ஒரு வரிகூட எழுதாததும், உன்னோடு ஒரு வருஷம் முகம் கொடுத்துப் பேசாததும் எனக்குத் தெரியாதா? அந்தப் பையன் சி டிரைவை மட்டும்தான் அழித்திருப்பான் என்று எனக்கு அன்றைக்கே ஒரு சந்தேகம். டிஸ்க்கே போய்விட்டால் அந்தச் சந்தேகத்தையும் தீர்த்துக்கொள்ள முடியாது.

இனி நான் சொல்வதைக் கவனமாகக் கேள். உன் ஆபீசிலும் நாலு பழைய பெட்டி கிடக்கிறது என்று சொன்னாய், உதவும். லினக்ஸ் பூட் ஆகும்போது லோகோவைக் காட்டி மூடி வைத்திருக்கிறார்களே, அதற்குப் பின்னால் கர்னல், அதாவது லினக்ஸின் மையப் பகுதி, ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறது. இந்த மாதிரிப் பழைய பயாஸ் பெட்டியில் மின்ட்டின் முதல் மெனு வரும்போது டேப் விசையைத் தட்டினால் ஒரு வரி வரும். அதில் 'குவைட் ஸ்பிளாஷ்' என்ற இரண்டு சொற்களை அழித்துவிட்டு என்டர் அழுத்து. லோகோ போய், எழுத்தாகக் கொட்டும். எங்கே நிற்கிறதோ அந்த இடத்தில்தான் கோளாறு. சில பெட்டிகளில் கிராபிக்ஸ் கார்டு ஒத்துழைக்காமல் திரை கறுத்துப்போகும், அதற்கு அதே வரியில் 'நோமோட்செட்' என்று சேர்ப்பார்கள். உன்னுடையதில் அந்தச் சிக்கல் இல்லை.

இதில் டிஸ்க் பெயரைச் சொல்லி ஒரே புகார் திரும்பத் திரும்ப வந்தது. படித்தது தோற்றது, இணைப்பை ரீசெட் செய்கிறேன், வேகத்தைக் குறைக்கிறேன். 133-லிருந்து 100, அப்புறம் 33. ஆனால் புகாரின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் ஒரு சுருக்கம் இருந்தது, 'ஐசிஆர்சி' என்று. விஷயமே அதில்தான். டிஸ்க்கின் தட்டு கெட்டுப்போய் எழுத்தைப் படிக்கவே முடியாவிட்டால் அங்கே 'யுஎன்சி' என்று வரும். ஐசிஆர்சி என்றால் டிஸ்க் படித்துக் கொடுத்துவிட்டது, போர்டுக்கு வந்து சேர்வதற்குள் வழியில் சிதைந்துவிட்டது என்று அர்த்தம். டேட்டா கேபிளில் போகும் ஒவ்வொரு துண்டோடும் ஒரு சரிபார்ப்பு எண் போகிறது. வாங்குகிற பக்கம் கணக்குப் போட்டுப் பார்த்து, ஒத்துவராவிட்டால் மறுபடி கேட்கும். கேட்டுக்கேட்டே நேரம் போகும், நமக்கு அது ஹேங் ஆனது போலத் தெரியும். அப்பா பாஷையில் சொன்னால், அணையில் தண்ணீர் இருக்கிறது, வாய்க்காலில்தான் உடைப்பு.

உறுதி செய்துகொள்ள, பென் டிரைவிலேயே ஓடும் மின்ட்டில் டிஸ்க்ஸ் என்ற கருவியைத் திறந்து ஸ்மார்ட் கணக்கைப் பார்த்தேன். டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதி வைத்திருக்கும் நோட்டு அது. 5-ம் எண்ணும் 197-ம் எண்ணும் கெட்டுப்போன இடங்களைச் சொல்பவை. இரண்டும் பூஜ்யம். 199 என்பது இந்தச் சரிபார்ப்புத் தவறுகளின் கணக்கு. அது நூற்றுக்கணக்கில் இருந்தது, நான் ஒரு கோப்பைக் காப்பி செய்யச் செய்ய ஏறியது. பெட்டியைத் திறந்தால், சிவப்பு டேட்டா கேபிள் போர்டில் கால்வாசி கழன்ற மாதிரி நிற்கிறது, கிளிப்பும் உடைந்திருந்தது. என் செத்துப்போன பழைய சிஸ்டத்தின் டிவிடி ரைட்டரிலிருந்து ஒரு கேபிளைப் பிடுங்கி மாட்டினேன். அவ்வளவுதான். 199-ல் உள்ள எண் இறங்கவே இறங்காது, அது பழைய பாவக் கணக்கு. ஏறாமல் நின்றால் போதும். நின்றது.

இன்ஸ்டால் பண்ணுவதை அப்படியே விட்டுவிட்டு டி டிரைவைத் திறந்தேன். பாட்டு ஃபோல்டர், அதற்குள் நியூ ஃபோல்டர், அதற்குள் இன்னொரு நியூ ஃபோல்டர், அதில் அப்பா. இருநூறு பக்கத்துக்கு மேல். மொத்த டிரைவையும் வெளி டிஸ்க்குக்குக் காப்பி எடுத்துவிட்டேன். உன் பழைய டிஸ்க்கைக் கழற்றி, பெயர் எழுதிக் கவரில் போட்டு பீரோவில் வைத்திருக்கிறேன். மின்ட்டை அதில் போடவே இல்லை, சின்னதாக ஒரு எஸ்எஸ்டி வாங்கி அதில் போட்டேன். கோப்பு இருக்கும் டிஸ்க்கில் பார்ட்டிஷனைச் சுருக்குகிற வேலை எனக்கு ஆகாது. பாதியில் கரண்ட் போனால் யார் பதில் சொல்வது?

அரை மணிகூட ஆகவில்லை, கடைசி வரை வந்துவிட்டது. அங்கே மறுபடியும் ஒரு நிறுத்தம்! மொழிப் பொதிகளை இறக்குகிறேன் என்று சொல்லி நின்றது. போனை யுஎஸ்பியில் மாட்டி நெட் கொடுத்திருந்தேன், நெட் வந்துகொண்டிருந்தது. மூலையில் பார்த்தால் ஏதோ பழைய தேதி. போர்டில் இருக்கும் பொத்தான் பேட்டரி காலி. சர்வர் தருகிற பட்டியலில் தேதி இருக்கிறது, அந்தத் தேதி இன்னும் பிறக்கவே இல்லை என்று உன் பெட்டி நினைக்கிறது, அதனால் நம்ப மறுக்கிறது. ஸ்கிப் என்று ஒரு பொத்தான் உண்டு, அழுத்தி முடித்தேன். சிஆர்2032 பேட்டரி வாட்ச் கடையிலேயே கிடைக்கிறது. போட்டு, தேதியைத் திருத்தியதும் எல்லாம் இறங்கியது. அந்தப் பெண் இப்போது பைத்தானில் பெருக்கல் வாய்ப்பாடு ஓட்டுகிறாள். பிரவுசரில் நாலைந்து டேப் திறந்தால் திணறுகிறது. பழைய ராம் ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஒன்று மனதில் அரித்துக்கொண்டே இருக்கிறது. அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு இலவச ஆதரவு முடிந்தது அல்லவா. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், புது பிராசசர் வேண்டும். அதனால் நன்றாக ஓடுகிற பெட்டிகளைக்கூட மூட்டை மூட்டையாகக் கழிக்கிறார்கள். எல்லாரும் லினக்ஸுக்கு மாறுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன், எனக்கே பேஜ்மேக்கர் இல்லாமல் கடை ஓடாது. பெட்டியைத் தூக்கிப் போடு, பரவாயில்லை. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருத்தரும் திறந்து பார்ப்பதில்லை. போன வாரம் ஒரு கணக்குப்பிள்ளை வந்தார், பதினைந்து வருஷக் கோயில் கணக்கு இருந்த சிஸ்டத்தை எடைக்குப் போட்டுவிட்டாராம், எதையாவது திரும்ப எடுக்க முடியுமா என்று கேட்கிறார். நான் என்ன சொல்ல?

இப்போது, ஏன் அப்பாவிடம் சொல்லாதே என்றேன் என்பது. கோப்பு பாமினி எழுத்துருவில் இருக்கிறது. அந்த எழுத்துரு இல்லாமல் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும். அதை அவர் பார்த்தால் மறுபடி போய்விட்டது என்று படுத்துவிடுவார். எழுத்துருவைப் போட்டால் தமிழாகத் தெரிகிறது, ஆனாலும் கணினிக்கு அது தமிழ் இல்லை, தேட முடியாது, போனில் அனுப்ப முடியாது. எல்லாக் கணினிக்கும் தமிழாகவே புரிகிற யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டிருக்கிறேன். அவர் நடுநடுவே டிஎம்சி, பிடபிள்யூடி என்று ஆங்கிலத்தில் அடித்த இடங்களை எல்லாம், எழுத்தை மாற்றுகிற மென்பொருள் தமிழ் என்று நினைத்துப் பிசைந்துவிடுகிறது. அதைக் கையால்தான் சரி பண்ண வேண்டும். பண்ணப் பண்ணப் படிக்கிறேன். மதகு பார்க்கிற லஸ்கராக இருந்தவர் இவ்வளவு எழுதியிருப்பார் என்று நான் நினைக்கவில்லை, சுமதி. மேட்டூர் ஜூன் 12-ல் திறந்த வருஷம், திறக்காத வருஷம், கடைமடைக்குத் தண்ணீர் வந்த தேதி, எந்த மதகில் யாரோடு சண்டை, எல்லாம் இருக்கிறது. உன் பெரியப்பாவைப் பற்றி ஒரு பக்கம் இருக்கிறது, அதை அச்சடிக்கும் முன் நீ ஒருமுறை படித்துவிடு.

பொங்கலுக்கு நீங்கள் வருவதற்குள் முடித்து, கொஞ்சம் பெரிய எழுத்தில் ஒரு பிரதி எடுத்து பைண்ட் பண்ணி வைக்கிறேன். கடைசி அத்தியாயம் குடமுருட்டி என்று ஆற்றின் பெயரைத் தலைப்பாக வைத்ததோடு நிற்கிறது, அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. வேறு எங்காவது நோட்டில் எழுதியிருக்கிறாரா என்று அவருக்குச் சந்தேகம் வராமல் கேட்டுப் பார். அப்புறம், அந்தக் கேபிளுக்கும் எஸ்எஸ்டிக்கும் காசு தருகிறேன் என்று ஆரம்பிக்காதே. வரும்போது ஓசூர் ரோஜா கொண்டு வா, மாமியார் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அன்புடன்,
தேனு